ஒரே குவியலுக்கு இரண்டு சீட்டு

மாசி 9, வெள்ளி

இன்று திண்டிவனம் விற்பனைக் கமிட்டி ஏலத்தில் ஒரே மல்லாட்டை (வேர்க்கடலை) குவியலுக்கு இரண்டு விலைச்சீட்டு போட்டுவிட்டேன். இரண்டிலும் வேறு வேறு விலை.

"இன்னா அண்ணே, உங்களோட நீங்களே போட்டி போட்டுக்கினு கீறீங்க?" என்றான் பக்கத்துக் கடைக்காரன். எல்லோரோடும் நானும் சிரித்தேன். முதல் சீட்டை எழுதியது இப்போதும் நினைவில்லை.

சர்க்கரை நோய் மூளையையும் பாதிக்கும், நடங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று விழுப்புரம் டாக்டர் போன வருடமே சொன்னார். நான் டீயிலேயே பொழுதை ஓட்டினேன். இனி நடந்தால் போனது திரும்புமா என்று அவரைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

மகனிடம் சொல்லியே தீருவேன் என்றாள் மனைவி. "அவன் கடையை வித்துடுவான்டி" என்றேன். கடைசியில் பேசி முடித்தோம். விடியலில் ஒரு மணி நேரம் நடை, எட்டு மணிக்குள் கேப்பை அடையும் கீரையும். சித்திரை வரை அவள் வாய் திறக்க மாட்டாள். அதற்குள் இன்னொரு முறை இப்படி மறந்தால் கடைச் சாவி மகனுக்கு.