பவானியின் இடது மணிக்கட்டுக்கு ஏற்ற வண்டி

எங்கே இருந்தாலும் என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற, என்னைப் பெற்ற நைனாவுக்கு,

நேரில் உன்னை நீ என்றுதான் கூப்பிட்டேன். காகிதம் என்பதற்காக நீங்கள் என்று மாற்ற எனக்குக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கடை. நான் இருந்தேன். என் பேத்தி பவானி இருந்தாள். அவளைப் பெற்ற என் மகன் மோகன் இருந்தான். யாரும் கூப்பிடாமலே சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த என் அண்ணன் சுப்பிரமணி இருந்தான். வண்டி காட்டுகிற ஹரிபாபு இருந்தார். நீ இல்லை. உயிரோடு இருந்திருந்தாலும் உள்ளே வந்திருக்க மாட்டாய்.

நீதான் மோட்டார் சைக்கிளை வாசலில் ஏற்றாத ஆளாயிற்றே. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு என்றால் ஊர் உலகத்துக்கே தெரியும். அந்தப் பெயர் பெற்றவர்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நகரி ரோட்டோரம் நம்முடையது ஒரு சின்னக் கொட்டகை. ஆனாலும் எலும்பு ஒடிந்து வந்தவனைத் தொட்டுப் பார்த்தே, அவன் எந்த மாதிரி வண்டியில் எப்படி உட்கார்ந்து போனான் என்று சொல்லிவிடுவாய். குனிந்து ஓட்டுகிறவனுக்கு மணிக்கட்டும் காறை எலும்பும். நிமிர்ந்து உட்கார்ந்து குழியில் இறக்குகிறவனுக்கு இடுப்பு. கால் எட்டாத உயரத்தில் ஏறினவனுக்குக் கணுக்கால். கட்டுக்குப் பூசுகிற முட்டை வெள்ளைக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற எனக்கு அத்தனையும் மனப்பாடம். மூன்றாம் வகுப்பில் படித்த வாய்ப்பாடு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

பவானிக்கு இப்போது இருபத்தெட்டு வயது. ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் மிஷின்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மிஷினும் வெளியே போகாதாம். நைனா, நம் வீட்டில் பெருவிரல் உருட்டிய பெண்கள் எத்தனை பேர்! அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கக் கிளம்பினாள். தினமும் வேலைக்குப் போக வேண்டும், லீவு கிடைத்தால் மூன்று சிநேகிதிகளோடு கன்னியாகுமரி வரைக்கும் போக வேண்டும். "அதோட வளைவு வந்தா வண்டி சிரிக்கணும் ஆயா" என்றாள்.

மோகன் ஸ்கூட்டர் வாங்கச் சொன்னான். ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. கடைசியில் என்னிடம் வந்து, "ஆயா, நீ ஒரு வார்த்த சொன்னா நைனா கேக்கும்" என்று, அவளுடைய நைனா மோகனைச் சொல்லி, மடியில் சாய்ந்துகொண்டாள். பன்னிரண்டு வயதில் சாய்ந்த மாதிரியே.

மோகனுக்கு இருந்த பயம் வேறு, எனக்கு இருந்த பயம் வேறு. அவளுடைய இடது கை உனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட கை. உள்பக்கம் மடங்கும். வெளிப்பக்கம் பாதிதான் போகும். உள்ளங்கையைத் தரையில் ஊன்றி அவளால் எழுந்திருக்க முடியாது. திரும்பவும் ஒடித்துத்தான் நேராக்க வேண்டும் என்று சித்தூரில் ஒரு டாக்டர் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். வண்டியில் கிளட்ச் பிடிப்பது அந்தக் கைதான். உடம்புப் பாரம் அந்த மணிக்கட்டில் இறங்கினால் முப்பது கிலோமீட்டருக்குள் மரத்துப்போகும். மரத்த கையோடு மலை வளைவில் திரும்பினால் என்ன ஆகும்? அதனால்தான், "வண்டிய நான் பாத்துத்தான் வாங்கணும்" என்று கூடவே கிளம்பினேன்.

கடைக்குள் போனதும் ஹரிபாபு ஒரு நாற்காலியைக் காட்டி, "அம்மம்மா, மீரு இக்கட கூர்ச்சோண்டி" என்றார். மோகனைப் பார்த்து, "சொல்லுங்க சார், மைலேஜா, பிக்கப்பா?" என்று ஆரம்பித்தார். வாங்குகிறவள் நடுவில் நிற்கிறாள், அவள் பக்கம் திரும்பவே இல்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சிவப்பு வண்டி. பார்க்க லட்சணம்தான், பொய் சொல்லக் கூடாது. பாயப்போகிற பூனை மாதிரி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நின்றது. கைப்பிடி இரண்டும் நெஞ்சுக்குக் கீழே. கால் வைக்கிற கம்பி பின்னால் எங்கேயோ. பவானி கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ஏறி உட்கார்ந்து குனிந்தாள்.

"எறங்காத. அர மணி நேரம் அப்பிடியே ஒக்காரு" என்றேன்.

ஹரிபாபு சிரித்தார். "அம்மம்மா, டெஸ்ட் ரைடு இருக்குது. ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்."

"மொத அஞ்சு நிமிசம் எலும்பு பொய் சொல்லும்பா. அர மணி ஆனாத்தான் வாயத் தொறக்கும்."

அண்ணன் சும்மா இருப்பானா? "கடையில வந்து பொண்ண கோழி மாரி அட காக்க வச்சுகினு கீறா பாரு" என்று வண்டி பார்க்க வந்த யார் யாரிடமோ சொல்லிச் சிரித்தான். மோகன் அவமானத்தில் வெளியே போய் நின்றுகொண்டான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிடம் ஆனதும் எழுந்து போய், கட்டை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அமுக்கினேன். உதட்டைக் கடித்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல ஆயா."

"வலிக்கலன்னா உள்ளங்கை ஏன் இப்பிடி வேர்க்குது?"

இறங்கினாள். இறங்கின பிறகும் அந்த வண்டியின் டேங்க்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொல்லத்தானா நான் கூட வந்தேன்?

அடுத்தது ஒட்டகம் மாதிரி உயரமான ஒன்று. "டூரிங்குக்கு இதுதான் பெஸ்ட்" என்றார் ஹரிபாபு. கைப்பிடி அகலம், கை நிம்மதியாக இருந்தது. ஆனால் பவானியின் இரண்டு காலும் நுனி விரலில் நின்றன. கணுக்கால் என்று உன் குரல் என் காதில் விழுந்தது. அவளுக்கும் பிடிக்கவில்லை. "மெதுவா ஊர் சுத்தலாம் ஆயா. வளைவுல எரும மேல போற மாரி இருக்கும்."

மூலையில் சாம்பல் நீலத்தில் இன்னொன்று நின்றது. அதை ஹரிபாபு தானாகக் காட்டவில்லை. நான்தான், "அது இன்னா?" என்று கேட்டேன். முன்னால் காற்றை மறைக்க ஒரு கண்ணாடி. சிவப்பு வண்டிக்கு இருந்த மாதிரியே உடம்பை மூடிய தகடு, அதே மாதிரி இரட்டை சிலிண்டர் இன்ஜின். ஆனால் கைப்பிடி மட்டும் நாலு விரல் உயரமாக, ஓட்டுகிறவர் பக்கம் சற்று வளைந்து வந்திருந்தது. பவானி உட்கார்ந்தாள். முதுகு முன்னால் சாய்ந்தது, விழவில்லை. முழங்கை இலேசாக மடங்கி இருந்தது. பாரம் இடுப்பிலும் தொடையிலும் நின்றது, கைக்கு இறங்கவே இல்லை. கிளட்ச் பிடிக்க இரண்டு விரல் போதுமாக இருந்தது. பாதம் முழுக்கத் தரையில்.

அரை மணி நேரம் அவளுக்குத் தெரியாமலே போயிற்று. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஹரிபாபு பதறி ஓடி வந்தார். வந்த வேகத்தில் அவர் வலது காலை இழுத்து வைப்பதைக் கவனித்தேன்.

"எத்தன மாசமா இடுப்பு வலி?"

திகைத்துப்போனார். "ஆறு மாசமா அம்மம்மா. எலா தெலுசு, எப்பிடித் தெரிஞ்சுது?"

"பின் பாக்கெட்ல பர்ஸ வச்சுகினே ஒக்கார்ற. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எடுத்து முன்னால வை."

அதற்குப் பிறகு அவர் மோகனிடம் பேசவில்லை. என்னிடமும் பவானியிடமும்தான் பேசினார். கடையில் இருந்த நாலு பேரும் கிட்டே வந்துவிட்டார்கள். ஒருத்தர் தோளைக் காட்டினார், ஒரு பெண் முழங்காலைக் காட்டினாள். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் என் கையைத் தேடி ஆள் வந்தது அன்றைக்குத்தான்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இவகிட்டயா காட்டுறீங்க? ராசி இல்லாத கைங்க அது. இந்தக் கொழந்த கைய கெடுத்ததே இவதான்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

தோளைக் காட்டினவர் சட்டையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பவானி வண்டியை விட்டு இறங்காமலே சொன்னாள்: "சித்தூர் தாத்தா, இது என் கை. ஒன்னக் கேட்டு நான் ஒடச்சுக்கல." பிறகு அந்த இடது கையை என் பக்கம் நீட்டினாள். "புடிச்சுப் பாரு ஆயா. இந்த வண்டியா, இல்லியா? நீ சொல்றதுதான்."

பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்து, காய்ந்து, துடிப்பு நிதானமாக இருந்தது. "இதுதான்" என்றேன். மோகன் உள்ளே வந்து, ஹெல்மெட் இருக்கிற அலமாரிக்குப் போய் இரண்டு எடுத்துவந்தான். ஒன்று அவளுக்கு. ஒன்று எனக்கு, நைனா! அறுபத்தெட்டு வயதில் எனக்கு.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பதியிலிருந்து சித்தூர் வரை அவள் பின்னால் உட்கார்ந்து போனேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு. லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சித்தூர் தாண்டி மொகிலி மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடையில் என்னை இறக்கிவிட்டு, "கொஞ்சம் தனியா போய்ட்டு வரட்டா?" என்று கேட்டாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். வளைவு.

மேலே போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் இன்ஜின் சத்தம் தணிந்து, பிறகு நிமிர்ந்தது. தணிகிறபோதெல்லாம் கிளட்ச் பிடிக்கிறாள், அந்தக் கை வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. டீக்கடைக்காரர், "யாரும்மா அது, நல்லா ஓட்டுறாங்க" என்றார். "எங்க வூட்டுப் பொண்ணு" என்றேன். கேட்காததற்கும் சேர்த்து இன்னொரு முறை சொன்னேன்.

இறங்கி வந்ததும் கையுறையைக் கழற்றி மணிக்கட்டை என் மடியில் வைத்தாள். வீக்கம் இல்லை. "ஜம்முனு கீது ஆயா" என்றாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலே கேட்டாள்: "இத யாரு கட்டுனது? நான் ஜொரத்துல கெடந்தேன், ஒண்ணும் நெனவில்ல. நெஜமா சொல்லு."

சொன்னேன், நைனா.

உனக்கு எண்பத்தொரு வயது. கை நடுங்கிற்று. என் கொள்ளுப்பேத்திக்கு நான்தான் கட்டுவேன் என்று நின்றாய். நீ துணியைச் சுற்றும்போது அடிப்பலகை ஒரு கட்டை விரல் அளவு நழுவியது. கிண்ணத்தோடு நின்ற நான் பார்த்தேன். "நைனா, பலக நழுவுது, நான் கட்டறேன்" என்றேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாய். வாயை மூடிக்கொண்டேன். இருபத்தோராம் நாள் அவிழ்த்தபோது கை அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. அன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்த அண்ணன், "இவ குளிப்பாட்டும்போது அவுத்துட்டு, இவளே திரும்பக் கட்டியிருப்பா" என்றான். வீடு நிறைய உறவுக்காரர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய். திறந்து, "சோறு போடு" என்றாய்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாய். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே? கொட்டகைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக என் கையை விட்டுப் போனதை நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

பவானி கையுறையை மாட்டிக்கொண்டு, "ஏறு ஆயா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். திரும்புகிற வழியெல்லாம் இடது கையால் என் முழங்காலை அடிக்கடி தட்டிக்கொண்டே ஓட்டினாள்.

வருகிற திதிக்கு எல்லோரும் வருவார்கள். வழக்கம்போல வடையும் பாயசமும் செய்து படைப்பேன், ஒன்றும் குறை வைக்க மாட்டேன். ஆனால் இலையில் சோறு விழுவதற்கு முன்னால் எழுந்து நின்று சொல்லப்போகிறேன், அந்தக் கட்டு என் கை கட்டியது இல்லை என்று. உன்னை ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அண்ணனோடு நான் பேசுவதில்லை, பேசப்போவதும் இல்லை. ஆனாலும் அவனை மன்னித்துவிட்டேன். கட்டுப் போட்ட அன்றைக்கு அவன் அங்கே இல்லை. தெரியாமல் பேசினான். தெரிந்தவர் ஒருத்தர் இருந்தார். பெற்றவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான், இத்தனை வயதில் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. உன்மேல் வைத்த பாசத்தில் இன்றைக்கும் ஒரு பிடி குறையவில்லை, நைனா. ஆனால் நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான். எல்லப்பன்.

உன் ஒரே மகள்,
காமாட்சி