ஐந்தாவது அல்பம்

அட்சயா,

நான் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. இன்றைக்காவது கொஞ்சம் சாப்பிடு.

உங்கள் இசைக்குழுவில் பான்ஜோ வாசிக்கிற டானியல் நாலு மணிக்கு மைக் ஸ்டான்டை எடுக்க வருவான். அதை வாசலில் வைத்துவிட்டேன். விருப்பமில்லையென்றால் நீ கதவைத் திறக்க வேண்டாம்.

இந்த வருடம் கேட்க வேண்டிய புளூகிராஸ் இசை அல்பங்கள் என்று எனக்கு ஐந்து எழுதித் தந்தாய். நாலைக் காரில் கேட்டேன். அவற்றில் ஒன்றில் ஓர் அக்காவும் தங்கையும் ஒரே மைக்கில் பாடுவது எனக்குப் பிடித்தது. ஐந்தாவதுக்கு நேரே, "எங்கடது, செப்டம்பரில வரும்" என்று எழுதியிருந்தாய். குழுவிலிருந்து உன்னை விலக்கிவிட்டு அவர்கள் பதிவுசெய்த அது போன கிழமை வந்துவிட்டது.

நேற்று நீ, "அப்பா, எங்கட அல்பத்தைக் கேட்டனீங்களே?" என்றபோது, "இன்னும் கேட்கேல்லை" என்றேன். பொய். மூன்று தரம் கேட்டுவிட்டேன். உன் இடத்தில் வயலின் வாசிக்கிற பெண்ணிடம் பிழை பிடிக்கத்தான் கேட்டேன். அவள் நன்றாக வாசிக்கிறாள்.

அந்த எரிச்சலில்தான், "உந்த வயலினை மூடி வைச்சிட்டு வேலையைத் தேடு" என்று கத்தினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை. நீயும் காத்திருக்காதே.

அப்பா

வாசல் கதவுத் திறப்பு சப்பாத்துத் தட்டில் இருக்கிறது.

இன்னொன்று. அவர்களின் அல்பத்தில் நாலாவது பாட்டு நீ குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து உருவாக்கியதுதானே? நீ வாசித்தபடியேதான் அவளும் வாசிக்கிறாள். பாட்டை எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தேன். உன் பெயரைப் போடவில்லை.