ஃபிரிட்ஜுக்குள் ஒரு சிப்

2007 பெப்ரவரி 14
உக்குவளை ஆர்மி செக்பொயிண்டில் என்னை ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பையில் இருந்தது நுஹ்மான் நானா கடைக்கு ரிப்பேருக்கு வந்த சர்க்கிட். அங்கேதான் வேலை என்று சிங்களத்தில் எத்தனை தரம் சொல்வது? தமிழ்ப் பெண் கையில் வயரும் பேட்டரியும் இருந்தால் குண்டுதானாம்! வீட்டிலிருந்து ஆளை வரச் சொன்னார்கள். அப்பாவின் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது. கடைசியில் நானாதான் வந்து மீட்டார்.

வீட்டில் கத்தினேன். "தோட்டத்து லயத்துல கரண்டு ஏதும்மா?" என்கிறார் அப்பா. "எங்கயாவது போடுங்க. தெனமும் சார்ஜ் போடுங்க. நான் செத்தாக்கூட உங்களுக்குத் தெரியாது!"

மார்ச் 2
இப்போதெல்லாம் அப்பா முதல் மணியிலேயே போனை எடுக்கிறார்.

மே 19
அக்கா குழந்தைக்குச் சின்னமுத்து, அந்தத் தட்டம்மைதான். பத்து மாதம். மூச்சு வாங்குகிறது, பார்க்க முடியவில்லை. போன மாதம்தான் நம் தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்கான தடுப்பூசி போட்டோம். குளிர் பத்தாமல் மருந்து கெட்டிருக்கலாம் என்கிறார் மாத்தளை டாக்டர். டிஸ்பென்சர் நல்லையாவோ ஃபிரிட்ஜ் சரியாக இருக்கிறதாம். சரியாம்!

மே 24
குழந்தை தப்பித்தது. நான் விடப்போவதில்லை.

நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, வெப்பம் பார்க்கும் சென்சர் ஒன்று, இரண்டு பென்டோர்ச் பேட்டரி. கால் மணிக்கொரு தரம் விழிக்கும், வெப்பத்தைக் குறிக்கும், திரும்பத் தூங்கும். தூக்கத்தில் கரண்டே குடிக்காது. ஒரு வருடம் ஓடும். மருந்து வாங்கப் போன சாக்கில் ஃபிரிட்ஜில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்பா அங்கேதான் வாட்ச்சர். அவரிடமும் சொல்லவில்லை, வாயில் எதுவும் நிற்காது.

ஜூன் 1
எடுத்து வந்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பகலில் ஐந்து பாகை. தினமும் மாலை ஆறரைக்கு ஏறத் தொடங்கி விடியும்போது பதினாறு! யாரோ ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றுகிறார்கள். அந்த ஆளைச் சும்மா விடுவேனா?

ஜூன் 2
வரிசையில் நின்ற சனம் முன்னாலேயே, வெப்பக் கணக்கை அச்செடுத்த காகிதத்தை நல்லையாவின் மேசையில் அறைந்தேன். "புள்ளைங்க உசிரு உங்களுக்கு வெளையாட்டா?" அவர் கோபப்படவில்லை. ஆறரை என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு மெதுவாக, "அஞ்சு மணிக்கு நான் பூட்டிட்டுப் போயிருவேன் புள்ள. சாவி உங்கப்பாகிட்டதான்."

வீட்டில் அப்பா சொன்னது: "நீதானேம்மா தெனமும் போடச் சொன்ன. அங்க இருக்கறதே ஒரு பிளக்குதான். நீ எங்க மாட்டிக்குவியோன்னு ஃபிரிட்ஜக் கழட்டிட்டு, விடியற வரைக்கும் போனை அதுலயே போட்டு வைப்பேன்."

நான் சொன்னேனா? ஆமாம், நான்தான்.

ஜூன் 3
நல்லையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் தோட்டத்தில் பேசி அப்பாவின் வேலையைக் காப்பாற்றிவிட்டார். முப்பத்தொரு பிள்ளைகளுக்குத் திரும்ப ஊசி.

ஓகஸ்ட் 9
உக்குவளையில் மறுபடி பையைக் கொட்டிக் கிளறினார்கள். மூன்று மணி நேரம். அப்பாவுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், ஓஃப். எத்தனை சொல்லியும் அப்பா அந்தப் போனை இனித் தொடமாட்டேன் என்கிறார்.

"லேட்டாயிருச்சே, எனக்குப் போன் எடுத்தியாம்மா?" என்றார், வந்ததும்.

இல்லப்பா, கடையில் வேலை என்றேன்.