திரையில் மறைத்த மழை

அண்ணே,

இன்று காலை ஜெலாப்பாங் ஆபீசில் என் மேசைமேல் வழவழப்பாக ஒரு கையேடு கிடந்தது. அட்டையில் ஒரு போன் டவர், அதற்குமேல் நீல மேகம். டவர்களுக்கு இடையே ஓடும் சிக்னலை வைத்து மழையைக் கணக்கிட்டு, அடுத்த அரைமணியில் எங்கே கொட்டும் என்று சொல்லப்போகிறார்களாம். புதிய கண்டுபிடிப்பாம். இரண்டாம் பக்கத்தில் நம் மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

புதிதா இது? ஐந்து வருடம் நீங்களும் நானும் செய்த வேலைதானே! பழுது பார்க்க டவரில் ஏறுமுன் கீழே நின்று எனக்குப் போன் போடுவீர்கள். "தங்கச்சி, மழை எங்க வந்துக்கிட்டு இருக்கு? ஏறலாமா?" இரண்டு டவருக்கு நடுவே மழை பெய்தால் அந்த வழியில் சிக்னல் இளைக்கும். ஆபீசில் நான் கண்காணிக்கும் திரையில் அந்த வரி சிவக்கும். எது முதலில் சிவக்கிறது, அடுத்து எது என்று பார்த்தால் மழை வரும் திசை தெரிந்துவிடும். "பாகான் செராய் தாண்டிருச்சுண்ணே, ஏறாதீங்க" என்பேன். "சரி, ஒரு தே ஓ குடிச்சிட்டு வாரேன்" என்று தேநீர்க் கடைக்குப் போவீர்கள். அதுவரை சிவப்பைப் பழுது என்றே நினைத்திருந்தவள் நான். "பழுது இல்லமா, மழை" என்று முதலில் சொன்னவர் நீங்கள். கையேட்டில் உங்கள் பெயர் எங்கே?

மேலாளருக்குச் சிவப்பு பிடிக்காது. தலைமையகத்து ஆட்கள் பார்வையிட வந்த அன்று, திரை முழுக்கப் பச்சையாக இருக்கவேண்டும் என்றார். "மழைக்கு வர்ற அலாரம் தானா சரியாயிடும்லா. எல்லாத்தையும் மறைச்சிடு." மறைத்தேன். காலையில் மறைத்த அதே கையால் மத்தியானம் உங்கள் போனை எடுத்தேன்.

"தங்கச்சி, சுங்கை சிப்புட், பழைய தோட்டத்து டவர். ஏறலாமா?"

திரை பச்சையாக இருந்தது; மறைத்ததை மறந்துவிட்டிருந்தேன். "கிளியர்லா அண்ணே, ஏறுங்க."

ஏறினீர்கள். கொஞ்ச நேரத்தில் இடி விழுந்தது. உங்களை இறக்கிக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

வானிலையை உறுதி செய்யாமல் ஊழியர் தன்னிச்சையாக ஏறினார் என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள். தன்னிச்சையாக! கேட்காமல் ஒரு படிகூட ஏறாத மனிதர் நீங்கள். அன்று விசாரணை அறையில் நானும் இருந்தேன். வேலை போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள்மேல் எவ்வளவு கோபமோ, அதைவிட அதிகம் என்மேல்.

கையேட்டின் நடுப்பக்கத்தில் மாதிரிக்கு ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். கோலகங்சார் பக்கத்திலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு மழை வந்த கணக்கு. 'இருபது நிமிடம் முன்னரே கண்டறிந்தது' என்று கீழே பெருமையடிப்பு. தேதியைப் பார்த்தேன். உங்கள் நாள், அண்ணே. திரையில் நான் மறைத்தாலும் இயந்திரம் அளவுகளை ஒன்றுவிடாமல் சேமித்து வைத்திருந்திருக்கிறது. அதை எடுத்து விளம்பரத்துக்குப் போட்டுவிட்டார்கள், இவர்களுக்கு எதுவுமே உறைக்காதா?

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். கையேட்டை விரித்துக் காட்டி, நடந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ, அவரு கேட்டுட்டுத்தான் ஏறினாரா?"

"கேட்டுட்டுத்தான்கா. நான்தான் கிளியர்னு சொன்னேன்."

அக்கா துணியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். "யாரையும் கேக்காம ஏறி என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டியேன்னு, மூணு வருசமா அவரு படத்துக்கு முன்னால நின்னு திட்டிக்கிட்டு இருக்கேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அந்தப் பேப்பர வச்சிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

வைத்துவிட்டு வந்தேன். அதை அவர் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ எங்கே கொண்டுபோனாலும், ஏறச் சொன்னவள் நான்தான் என்று அங்கே வந்து சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

மூன்று வருடமாக அக்காவிடம் நீங்கள் வாங்கிய திட்டு எல்லாம் எனக்கு வந்திருக்கவேண்டியது, அண்ணே. இன்று வாங்கிக்கொண்டேன்.