ஒரே அடி, வேறு கழுத்து

03.10.2019, வியாழன்

கடையில் இன்றோடு எட்டு மாதம். துவக்குச் சாமான், துப்பாக்கிக்காரருக்கு வேண்டியதெல்லாம் விற்கும் கடை. ரவைத் தட்டுகளுக்கு, தோட்டாப் பெட்டிகள் அடுக்குகிற தட்டுகளுக்கு, நான் பொறுப்பு. சமூகவியல் படித்த பெட்டைக்கு ஸ்காபரோ கொடுத்த வேலை இதுதான்.

இன்று ஒருத்தன் வந்து .223 ரவையும் 5.56 ரவையும் ஒன்றுதான் என்று நின்றான். இல்லை என்றேன். 5.56 என்று பொறித்த குழலுக்குள் இரண்டும் போகும். .223 என்று பொறித்ததற்குள் 5.56 போடக்கூடாது, அதற்கு அழுத்தம் கூடுதல். பிறகு .300 பிளக்அவுட் ரவை பற்றிக் கேட்டான். அதையும் சொன்னேன். ஏஆர் துவக்குகள் கழற்றிப் பூட்டுகிற சாதி. கீழ்ப்பாதியை வைத்துக்கொண்டு மேல்பாதியை மாற்றினால் .223 சுட்டது .300 சுடும். மகசின் அதே, ரவையின் அடி அதே. கழுத்துத்தான் வேறு. .300ஐ மாறி .223 குழலுக்குள் போட்டால் சிலவேளை உள்ளே போய்ப் பூட்டும். ஆனால் அதன் சன்னம், முனையில் இருக்கிற குண்டு, குழலைவிடப் பருமன்; வெளியே போக இடமிராது. சுடுகிறவனின் முகத்துக்குப் பக்கத்திலேயே துவக்கு வெடிக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "இங்கே ஆம்பிளை ஒருத்தரும் இல்லையா?" என்றான்.

06.10, ஞாயிறு

இன்று ஒருவரோடும் பேசவில்லை. லிஃப்டில் ஒரு நாய்க்கு ஹாய் சொன்னேன்.

10.10, வியாழன்

குஞ்சித்தம்பி அங்கிள் வந்தார். மட்டக்களப்புப் பக்கத்து ஆள், ஓய்வு பெற்றவர். ஒரே துவக்குக்கு .223, .300 இரண்டு மேல்பாதியும் வைத்திருக்கிறார். கடைக்கு வருகிற ஒரே தமிழர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே வாடிக்கையாளரும் அவர்தான்.

கையில் .223 பெட்டி. வேறு கம்பனி ரவை வேணுமாம். "சுடவே இல்ல மகள். மூடியத் திறந்து பாத்தன், அவ்வளவுதான். மாத்தித் தாறியா?"

கதவில் பெரிதாக எழுதியிருக்கிறது: விற்ற ரவை திரும்ப எடுக்கப்படாது. வேறு யாரும் கேட்டிருந்தால் விரலை நீட்டி அதைக் காட்டியிருப்பேன். மகள் என்று கூப்பிட்ட மனிசனுக்கு எப்படிக் காட்டுவது? கிளிபோட் — முதலாளி, அறுபது வயது வெள்ளைக்காரன் — பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்து எண்ணினேன். இருபது. மூக்குக் கீழே, அடி மேலே, ஒழுங்காக அடுக்கியிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு, மூடி மடங்கின அந்தப் பெட்டியைத் தட்டில் வைத்தேன்.

"நல்லா இருப்பாய் புள்ள" என்றார். வெட்கமில்லாமல் எழுதுகிறேன் — பின்னேரம் முழுக்க அது காதில் நின்றது.

14.10, திங்கள். தாங்ஸ்கிவிங் விடுமுறை

எங்கள் கட்டடத்து வாகனத் தரிப்பிடத்தில் மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பெடியனைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். செய்தியில் பன்னிரண்டு செக்கன் வந்தான். அவனைப் பெத்தவள் நாடாவுக்கு வெளியே நின்றாள். வருகிற திங்கள் தேர்தல் என்பதால் எல்லாக் கட்சிக்காரருக்கும் துவக்கைப் பற்றிச் சொல்ல ஏதோ இருக்கிறது. நாங்கள் இருக்கிற டோர்செட் பார்க்கைப் பற்றிச் சொல்ல ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. கடைக்கு வருகிறவர்களோ, "எங்கட துவக்குகள் இப்பிடிச் செய்யாது" என்பார்கள். பிறகு துவக்குப் பிடிக்கு என்ன நிறம் நல்லது என்று கேட்பார்கள்.

அப்பா மல்வேர்னில் தனியே இருக்கிறார். நான் இங்கே தனியே. ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். அம்மா தவறின பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தேன். பெப்ரவரியில் இந்த வேலையைச் சொன்னேன். "உந்த ரவை விக்கத்தானே மூண்டு மாசப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்திலயிருந்து நடந்தனான்?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

வேறு யாரும் வேலை தந்தார்களா என்று அவர் கேட்கவேயில்லை.

16.10, புதன்

டைலர் என்றொரு பெடியன் .223 இரண்டு பெட்டி வாங்கினான். சனிக்கிழமை காதலியை முதன்முதலாகச் சுடக் கூட்டிப்போகிறானாம். வடக்கே, கிளப்பின் மைதானத்துக்கு. மைதானத்தின் பெயரையும் சந்தோசமாகச் சொன்னான். நானும் சிரித்தேன்.

18.10, வெள்ளி

நாளைக்கு விடிய எழும்பவேணும். இருந்தாலும் எழுதுறன்.

மத்தியானம் குஞ்சித்தம்பி அங்கிள் திரும்ப வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மகள், அண்டைக்கு ஒரு பொய் சொல்லிட்டன். மைதானத்தில குழல் மாத்தக்குள்ள ரெண்டு பெட்டியும் மேசையில கவுண்டு போச்சு. பொறுக்கி அடுக்கினன். சொல்ல வெக்கமாப் போச்சு. இண்டைக்குப் பாத்தா என்ட .300 பெட்டிக்குள்ள .223 ஆறு கிடக்கு."

அப்படியென்றால் அவர் தந்த .223 பெட்டிக்குள் .300 ஆறு.

தட்டுக்கு ஓடினேன். மூடி மடங்கின பெட்டி, எனக்குத் தெரியும் அதை. இல்லை. அந்தக் கம்பனி ரவையை அதற்குப் பிறகு வாங்கினவன் டைலர் மட்டும்தான். அவனிடம் போய்விட்டது.

ஒவ்வொரு ரவையின் அடியிலும் அளவு பொறித்திருக்கிறது. நான் எண்ணினேன். வாசிக்கவில்லை.

கிளிபோட்டிடம் சொன்னேன். கதவைச் சாத்தினான். "போடுகிறவன்தான் ஒவ்வொன்றையும் பார்க்கவேணும். நீ போய்ச் சொன்னால் பிழை எங்களுடையது என்று ஒத்துக்கொண்டதாகும். விடு." டைலரின் தொலைபேசி இலக்கம் எங்களிடம் இல்லை. லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். மைதானத்துக்கு ஒன்பது தரம் போன் எடுத்தேன். மெசின்தான் கதைக்குது.

அந்தப் பெட்டை முதல் தரம் சுடப்போறாள். கன்னத்தைத் துவக்கோட வைச்சுத்தானே சுடுவாள்?

அங்கே பஸ் இல்லை. அங்கிளைக் கேட்டால் கார் மகனிடமாம். வேறு ஆரைக் கேக்க? தொலைபேசியில் இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். கார் இருக்கிற, நான் அழுதால் எடுக்கக்கூடிய ஒரே ஆள்.

அப்பாவுக்கு எடுத்தேன். முழுக்கக் கேட்டார். 

"ஆற்றை பிள்ளை?"

"தெரியாதப்பா. ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டை."

"எத்தினை மணிக்குத் திறக்கிறாங்கள்?"

19.10, சனி

ஒன்றரை மணி நேரம் ஓடினோம். றேடியோவில் வீடு விற்கிறவர்களின் விளம்பரம். சிவப்பு விளக்கில் அப்பா பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி, றோட்டைப் பார்த்தபடியே என் பக்கம் நீட்டினார்.

நாலாம் மேசையில் டைலர். முதல் பெட்டி முடிந்திருந்தது. மூடி மடங்கின பெட்டி திறந்து கிடந்தது, மகசினுக்குள் பத்து ஏற்றியாயிற்று. காதுமூடி போட்ட சின்னப் பெட்டை ஒருத்தி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு!" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது.

மைதானத்துக்காரன் ஓடிவந்து எல்லாரையும் நிறுத்தினான். நான் மூச்சு வாங்கி வாங்கி விளங்கப்படுத்துகிறேன். டைலர் மகசினைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அப்பா அதை அவன் கையிலிருந்து எடுத்தார். பெருவிரலால் தள்ள ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விழுந்தது. குனிந்து பார்க்கவில்லை. கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். விரலால் கழுத்தை ஒருக்கா உருட்டுவார், இடப்பக்கம் வைப்பார். உருட்டுவார், வலப்பக்கம் வைப்பார். பிறகு பெட்டியில் மிச்சமிருந்த பத்தையும் எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வலப்பக்கம் ஆறு.

"கழுத்துக் கட்டையானது ஆறு. சரியோ?" என்று என்னைக் கேட்டார்.

மைதானத்துக்காரன் கண்ணாடியைப் போட்டு அடிகளை ஒவ்வொன்றாக வாசித்தான். சரி. ஒன்றும் பிழையில்லை. அந்த ஆறில் நாலு, மகசினுக்குள் இருந்திருக்கிறது.

"நான் கண்டுபிடிச்சிருப்பன்" என்று டைலர் சிரித்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி. அந்தப் பெட்டை காதுமூடியைக் கழற்றிவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். வேறு யாரும் அவளுக்குச் சொல்வதாக இல்லை.

திரும்பும் வழியில் அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் நிறுத்தினார். கை கழுவப் போனார். கால் மணித்தியாலம் வரவில்லை. வந்து ஏறி, "பெல்ட்டைப் போடு" என்றார்.

இருபது வருசமாக பாண் பேக்கரியில் வேலை செய்த மனிசன். அப்பாவுக்கு எப்படி —

22.10, செவ்வாய்

நேற்றுத் தேர்தல், இன்று வேலை போனது. விற்ற ரவையைத் திரும்ப எடுத்ததாம் குற்றம். குஞ்சித்தம்பி அங்கிள் பிழை தன்னுடையது என்று சொல்ல கிளிபோட்டிடம் போயிருக்கிறார். அவன் அவருக்குத் துவக்குத் துடைக்கிற பெட்டி ஒன்றை விற்று அனுப்பியிருக்கிறான்.

05.11

வேலைக்கு இருபத்தொரு விண்ணப்பம். பதில் ஒன்று. அதுவும் மெசின் அனுப்பினது.

17.11, ஞாயிறு

நேற்று அப்பா போன் எடுத்தார். "நாளைக்குப் பயத்தங்கஞ்சி காய்ச்சப் போறன்" என்றார். வா என்று சொல்லவில்லை. போனேன்.

குசினி மேசையில் தட்டு நிறையப் பயறு. அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஜன்னலடியில் கிடந்தது. பெருவிரலால் உருட்டி, கல்லை வலப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலை போனதைச் சொன்னேன். ம் என்றார். பெப்ரவரிக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. ரவை பாக்க எங்கை பழகினீங்கள் அப்பா? எத்தினை வயசில?

அவர் விரல் நின்றது. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்காமலே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். தட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"கல்லுக் கிடக்கும். பாத்துப் பொறுக்கு."

பொறுக்கினேன். நான் திரும்பிப் போகிற ஏழரை பஸ் வெளியே போகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழும்பவில்லை.