ஈக்குக் கிடைத்த நியாயம்

எம்புட்டு அடித்தாலும் அழாத என் அக்காவுக்கு,

பெங்களூரில் எனக்கு ஈ வளர்க்கிற வேலை. அழுகின வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. இம்புட்டுப் படித்துக் கடைசியில் ஈ ஓட்டுகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அதில் என்னடி ஆராய்ச்சி என்று நீ கேட்டிருப்பாய். சொல்கிறேன். விந்து முட்டைக்குள் நுழையும்போது, அப்பன் வழி மரபணு இழை இறுகச் சுருண்டு கிடக்கும். அதைப் பிரித்து, ஹிஸ்டோன் என்கிற புரத உருளைகளில் புதிதாகச் சுற்றவேண்டும். அந்தச் சுற்றுக்கட்டுக்குப் பெயர்தான் குரோமாட்டின். சுற்றித் தரும் புரதத்தைத் தாய் ஈ முட்டைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறது. அது இல்லாவிட்டால் அப்பன் பங்கு ஒதுங்கிவிடும். தாயின் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்சம் வளர்ந்து, புழுவாக வெளியே வராமலே கரு சாகும்.

பார், அங்கேயும் பழி தாய்மேல்தான் என்று உன் மாமியார் துள்ளுவாள். துள்ளட்டும். அந்தத் தாயைக் குற்றம் சொல்வதற்குமுன் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அதே ஆணை வேறு பெண்ணோடு விட்டோம், முட்டை பொரிந்தது. அதே பெண்ணை வேறு ஆண்களோடு விட்டோம், பொரியவில்லை. இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓர் ஈமேல்கூடப் பழிபோட எங்கள் ஆய்வுக்கூடத்தில் விடமாட்டார்கள்.

உன்னைச் சேவுகம்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். ஒவ்வொரு கரு கலைந்தபோதும் உனக்கு ஒரு பட்டப்பெயர். மதுரை டாக்டரம்மா இரண்டு பேர் ரத்தத்திலும் குரோமோசோம் பார்க்கவேண்டும் என்றார். "எனக்கெதுக்கு டெஸ்ட்டு? நானா சொமக்குறேன்?" என்று மச்சான் எழுந்து போனார். நீயாவது கையை நீட்டியிருக்கலாம். அவர் பின்னாலேயே ஓடினாய். அதற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியாகக் கலைந்தபோது ரத்தம் நிற்கவில்லை. இவளுக்கு எப்பவும் போவதுதானே என்று கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அந்தப் பாயிலிருந்து உன்னை நேரே சுடுகாட்டுக்குத்தான் தூக்கினோம்.

வருஷம் திரும்புமுன் மச்சான் செல்வியைக் கட்டினார். அவளுக்கும் அடுத்தடுத்துக் கலைந்தது. இனியாவது ஆணைப் பார்க்கவேண்டாமா? அவர்கள் பூசாரியிடம் குறி கேட்டார்கள். மூத்தவள்தான் மறிக்கிறாளாம். செத்தும் நீதான் குற்றவாளி. சிரித்துத் தொலை.

போன வாரம் நான் திண்டுக்கல் வந்தபோது செல்வி நம் வீட்டுக்கு வந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. உனக்குச் சேலை எடுத்துப் படைக்கணுமாம், உன் போட்டோ ஒன்று வேணுமாம். முதலில் உன் புருஷனை ரத்தம் பார்க்க வரச்சொல் என்று அவளிடம் சொன்னேன்.

"அவுகளுக்கு ஒண்ணுமில்லக்கா. கொறை எனக்குத்தான்" என்றாள்.

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. உனக்கு வைக்காமல் விட்டதற்கும் சேர்த்து.

போட்டோ கொடுக்கவில்லை. ஈக்களை என்னோடு வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டேன். செல்விக்குப் பிள்ளை பிறக்கும்வரையோ கலையும்வரையோ நான் இங்கே திண்டுக்கல்லில்தான். ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும், மாமியார் குறுக்கே படுத்தாலும், அவளை மயிரைப் பிடித்தாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவேன். சத்தியம் அக்கா. அந்த வீட்டுச் சுவரில் உன் படம் ஏறாது. அவள் படமும் ஏறாது.

ஒரே வயிற்றில் கிடந்த
உன் தங்கச்சி