டிரைவுக்குள் வைத்த அட்டை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கத்திரி முடிந்தும் வெயில் போன பாடில்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

புனேயிலிருந்து ரீனா போன். ஹாலண்டுக்காரர் பணம் கட்டிவிட்டாராம். இனி மெஷின் அவருடையது. பத்திரமாக அனுப்புவது மட்டும் என் வேலை.

"அப்பா, அம்மா மெஷினை வித்த சைட்ல இருக்கிற அட்ரஸுக்கு மட்டும்தான் அனுப்பணும். வேற அட்ரஸ் சொல்லி யாராவது மெயில் போட்டா பதிலே போடாதீங்க."

பெற்ற மகள் வகுப்பெடுக்கிறாள். போன வாரம் ஒருவன், கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன், என் ஆள் வந்து எடுத்துக்கொள்வான், பேங்க் விவரம் மட்டும் கொடு என்று எழுதியிருந்தான். அதை நம்ப எனக்கு என்ன இருபது வயதா.

மெஷின்: ஸ்டெல்லா முதன்முதலில் வாங்கிய கம்ப்யூட்டர். இந்தியாவில் செய்தது. செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. அதனால்தான் வெளிநாட்டில் தேடுகிறார்களாம். சேக்காட்டில் அவள் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில், ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பாதிப் பேர் இதில்தான் விரல் வைத்துப் பழகினார்கள். சென்டரை மூடியபோது மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போனது. இது மட்டும் வீட்டுக்கு வந்தது.

மார்ச்சில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள். "அதை மட்டும் தராசுல ஏத்திடாதீங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க கையில கொடுங்க." சரி என்றேன். அவள் கேட்டதில் இது ஒன்றுதான் பாக்கி.

மதியம் தயிர் சாதம். ஊறுகாய் காலி.

ஜூன் 4, புதன்

வில்லெமிடமிருந்து (ஹாலண்டுக்காரர்) நீள மெயில். எழுதி வைக்காவிட்டால் மறந்துவிடும்.

– துடைக்க வேண்டாம். அழுக்கு அப்படியே இருக்கட்டும்.
– உள்ளே போர்டில் பேட்டரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒழுகினால் போர்டை அரித்துவிடும். விமானத்திலும் ஏற்றமாட்டார்கள்.
– மானிட்டருக்குத் தனிப் பெட்டி. கண்ணாடி கீழே பார்த்து.
– பெட்டிக்குள் பெட்டி. நடுவில் ஃபோம். தெர்மாகோல் உருண்டை கூடவே கூடாது, இடுக்கெல்லாம் புகுந்துகொள்ளும்.
– ஃபிளாப்பி டிரைவுக்குள், ஃபிளாப்பி அளவுக்குக் கனமான அட்டை வெட்டிச் செருகி, கைப்பிடியை மூட வேண்டும். டிஸ்கைப் படிக்கும் இரண்டு தலைகள் உள்ளே இருக்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் வழியில் குலுங்கி ஒன்றோடொன்று மோதிக் கெட்டுவிடும்.
– ஒவ்வொன்றுக்கும் போட்டோ.

ரீனா கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு சொல்லவில்லை.

மாலை மழை வருவதுபோல் இருட்டி ஏமாற்றியது. பக்கத்து வீட்டு அம்மா இட்லி கொண்டுவந்தார். "சாப்ட்டீங்களாண்ணா?" எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். வேறு என்னதான் கேட்பார்கள், பாவம்.

ஜூன் 6, வெள்ளி

மெஷின் ஓடுகிறது என்று காட்டப் போட்டோ வேண்டும். ஆன் செய்தேன். பச்சைத் திரை, ஓரத்தில் கட்டம் விட்டு விட்டு மின்னுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆஃப் செய்தேன்.

பேட்டரியை வெட்டி எடுத்தாயிற்று. பச்சையாகப் பூத்திருந்தது, நல்லவேளை போர்டு வரை போகவில்லை. ஃபாக்டரி ஸ்டோர்ஸில் பேக்கிங் பார்த்த கை. பெட்டி, கயிறு, டேப் என்றால் தானாக ஓடுகிறது. தலை வேண்டியதில்லை.

டிரைவுக்கு அட்டை. காலண்டர் அட்டை நுழையவில்லை. சட்டைப் பெட்டி அட்டை வளைகிறது. பீரோவில் ஸ்டெல்லாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த நினைவுக் கார்டு ஒரு கட்டு மிச்சம். ரீனா நல்ல கனமாக அடிக்கச் சொல்லியிருந்தாள். மேலே படம், சென்டர் ஆண்டு விழாவில் எடுத்தது. கீழே சிலுவை, பெயர், பிறப்பு, இறப்பு, வசனம். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒன்றை எடுத்து, ஃபிளாப்பியை மேலே வைத்துக் கோடு போட்டு, கீழ்ப்பகுதியை வெட்டினேன். கச்சிதம். செருகினேன். கைப்பிடி மூடியது. போட்டோ எடுத்தேன்.

பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காபி.

ஜூன் 7, சனி

ஆட்டோவில் அண்ணனூர். ஏழுமலையிடம் பெட்டி. கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி செய்பவன், சென்டருக்கு டேபிள் அடித்துக் கொடுத்த பழக்கம்.

"இன்னா அண்ணாத்தே, டிவியா?"

"கம்ப்யூட்டர்."

"இதுவா? இத்த துட்டு குடுத்து வாங்கிகீறானா?" சுற்றி வந்து பார்த்தான். "நம்மாளு தூக்கிப் போட்டத அவன் தேடிகினு கீறான் பாரு."

மரப்பெட்டி அடித்துவிடு என்றேன்.

"பலகையா? வாணாம். பூச்சி வராம சூடு காட்டுன முத்திரை கீதான்னு கேப்பாங்கோ. இல்லாங்காட்டி ஏர்போர்ட்லேர்ந்தே திருப்பி வுட்ருவான். இன்னாத்துக்கு வம்பு? அட்டையிலயே ரெண்டு பொட்டி, சைடுல ஃபோம். மேலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

நன்றாகத்தான் செய்தான். பெட்டியை ஆட்டிப் பார்த்தோம், சத்தமே இல்லை. டேப் ஒட்டிக்கொண்டே கேட்டான்.

"அண்ணி எப்டி கீறாங்க? என் பொண்ணு அவங்ககிட்டதான் படிச்சுது."

"ம்" என்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் டேப்பைக் கீழே வைப்பான், உட்காருவான், எப்படி என்று கேட்பான். முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை.

ஜூன் 9, திங்கள்

அம்பத்தூர் கூரியர் ஆபீஸ். கவுன்டரில் ஒரு பெண். ஆதார் நகல், பில் நகல், சீரியல் நம்பர் போட்டோ. பொருள் என்ன? பழைய கம்ப்யூட்டர், சேகரிப்புக்கு. இன்ஷூரன்ஸ் முழு விலைக்கும் போடச் சொன்னேன், ரீனா உத்தரவு.

"உள்ள பேட்டரி இருக்கா சார்?"

"எடுத்தாச்சு."

"வேற ஏதாவது உள்ள வெச்சிருக்கீங்களா? லெட்டர், கிஃப்ட்?"

"ஒண்ணும் இல்லம்மா."

சீல் வைத்தார்கள். பெட்டிகள் உள்ளே போயின. வேலை முடிந்தது என்று நிம்மதி. அதுகூட உடம்புக்கு எட்டவில்லை, வெறும் கணக்காகத்தான் தோன்றியது. டிரெயினில் ஜன்னல் சீட் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையைக் காலி செய்யும்போது, கத்தரிக்குப் பக்கத்தில் வெட்டிய துண்டு. சிலுவை. ஸ்டெல்லா மேரி. பிறப்பு. இறப்பு.

அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தைக் கோடு போட்டு வெட்டி, பேக்கிங் சாமானாக்கி அனுப்பியிருக்கிறேன். கத்தரி ஓடும்போது மனதில் ஒரு வார்த்தை ஓடவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் இன்னும் ஆளாக இருக்கிறேனா என்று தெரியவில்லை.

கூரியருக்குப் போன் செய்தேன். வண்டி கிளம்பிவிட்டதாம். "ஏன் சார், ஏதாவது விட்டுட்டீங்களா?" ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ரீனாவிடம் சொல்லவில்லை. அழுவாள். கார்டு இன்னும் ஒரு கட்டு இருக்கிறதே என்று ஆறுதலும் சொல்வாள். இரண்டும் வேண்டாம்.

அந்தத் துண்டை என்ன செய்வது? குப்பையில் போட முடியாது. பைபிளுக்குள் வைத்தேன். சரியில்லை. எடுத்து டிவி மேல் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் லாரி வந்தது. பக்கெட் வரிசையில் ஒரு சண்டை.

ஜூன் 13, வெள்ளி

பெட்டிகள் மும்பை தாண்டியாயிற்று. போனில் காட்டுகிறது. அரை மணிக்கொரு தரம் பார்க்கிறேன். முன்பு மானிட்டர் உடையுமோ என்று கவலை. இப்போது வில்லெம் டிரைவைத் திறந்து பார்த்து, என்ன அட்டை இது என்று கசக்கிப் போட்டுவிடுவாரோ என்று.

எழுதிக் கேட்கலாம். என்னவென்று எழுதுவது?

சாயங்காலம் நல்ல மழை. துணி நனைந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டியில் கீறல்கூட இல்லை என்று வில்லெம். விமானக் குளிரில் வந்த மெஷினை உடனே ஆன் செய்யக் கூடாதாம், ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுத்தான் திறப்பாராம். பொறுமைசாலி.

ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

காலை வெளியே போகவில்லை. மதியம் மெயில். திறக்கத் தைரியமில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் திறந்தேன்.

போட்டோ. மெஷின் ஓடுகிறது. அதே பச்சைத் திரை. பக்கத்தில், மானிட்டர் மேல் சாய்த்து நிறுத்தி, ஸ்டெல்லா. வசனம், தேதி எதுவும் இல்லாமல், முகம் மட்டும். முகத்தில் கத்தரி படவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வில்லெம் எழுதியது, என் தமிழில்: "டிரைவில் நீங்கள் வைத்திருந்த படத்தைப் பார்த்து நெகிழ்ந்தேன். அவர் தோளுக்குப் பின்னால் தெரிவது இதே மானிட்டர்தானே? இத்தனை காலம் இதைப் பார்த்துக்கொண்டவர் அவர் என்று புரிந்துகொண்டேன். படம் இங்கேயே இருக்கும். மெஷினை எப்போது இடம் மாற்றினாலும் இதே அட்டையைத்தான் டிரைவுக்குள் வைப்பேன். மெஷின் நன்றாக ஓடுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்."

தேதிகள் இங்கே டிவி மேல் இருக்கின்றன. அவருக்கு எப்படித் தெரியும்.

விவரம் எழுத ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள் என்று இங்கிலீஷில் அடித்துப் பார்த்தேன். அழித்தேன். சொல்கிறேன் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பிறகு எழுந்து அவள் மெஷின் வைத்திருந்த அறைக்குப் போனேன். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக. அங்கே நின்று சொன்னேன்.

"ஸ்டெல்லா, ஓடுதாம்."